வயலின் குறுக்கே ஒரு பொதுவழி: செல்போர்ன் கிராமத்து நடைகள்

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் உலாவப் போகிறவர் பெரும்பாலும் நடப்பது பிறருக்குச் சொந்தமான நிலத்தில்தான். கதிர் முற்றிய கோதுமை வயலின் குறுக்கே, மாடுகள் மேயும் புல்வெளியின் ஊடே, சில ஊர்களில் பண்ணைவீட்டு முற்றத்தைத் தொட்டுக்கொண்டும் பாதை போகும். அதில் நடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது. நிலம் கைமாறினாலும் பாதை கைமாறாது. புதிதாக வாங்கியவர் வேலி போட்டு அடைத்தால் அது குற்றம். மண் ஒருவருடையது, அதைக் கடந்து போகும் உரிமை எல்லாருடையது என்ற இந்த ஏற்பாட்டின் கீழ் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,25,000 கிலோமீட்டர் நீளமுள்ள வழிகள் பதிவாகியிருக்கின்றன. ஆங்கிலக் கிராமத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பூவையும் பறவையையும் தேவாலயக் கோபுரத்தையும் பாடுவார்கள். அவற்றின் அருகே போய் நிற்க முடிவது இந்த உரிமையால் என்பதை அவர்களில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்த உரிமை எப்படி உண்டாயிற்று, அதைக் கொண்டு நடப்பவர் எதைக் காண்கிறார் என்பதை ஒரே ஊரை வைத்துப் பார்ப்பது எளிது. ஹாம்ப்ஷயர் கவுன்டியின் கிழக்கோரத்தில் உள்ள செல்போர்ன் அதற்குத் தோதான ஊர். லண்டனுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். பக்கத்துச் சந்தை ஊரான ஆல்டன் வரை ரயில் உண்டு. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் போல வரும். 1783 அக்டோபரில் எடுத்த கணக்கின்படி இந்தப் பாரிஷில், அதாவது செல்போர்ன் தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டத்தில், 136 குடும்பங்களும் 676 பேரும் இருந்தார்கள். அந்தக் கணக்கை எழுதி வைத்தவர் கில்பர்ட் ஒயிட் (1720–1793). இவ்வூரிலேயே பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, திரும்பி வந்து, துணைக் குருவாக வாழ்ந்து இங்கேயே மறைந்தவர். 1789இல் வெளிவந்த அவருடைய ‘செல்போர்னின் இயற்கை வரலாறு’ அன்று முதல் தொடர்ந்து அச்சில் இருந்து வருகிறது. இங்கிலாந்தின் பிற ஊர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி இதனால் செல்போர்னுக்குக் கிடைத்தது: இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே பாதைகளில் நடந்தவர் என்ன பார்த்தார் என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

ஊரின் நில அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதைகளின் போக்கு தானே விளங்கும். மேற்கே சுண்ணாம்புக் குன்று, ஊருக்கு மேல் சுமார் 300 அடி எழுகிறது. அதன் செங்குத்துச் சரிவு முழுவதும் பீச் மரக்காடு. இத்தகைய சரிவுக் காடுகளை இந்த வட்டாரத்தில் ஹேங்கர் என்பார்கள். குன்றின் அடியில் ஒட்டும் களிமண் பட்டை ஒன்று ஓடுகிறது. அதையடுத்து ‘மாம்’ எனப்படும் வெள்ளைக் கல்லாலான மேடை. ஊர் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரே தெரு, முக்கால் மைல் நீளம், குன்றுக்கு இணையாக. கிழக்கே நிலம் இறங்க இறங்க மறுபடியும் களிமண், பிறகு ஈரமான மணற்சேறு, கடைசியில் வறண்ட மணலும் புதர்களுமான உல்மர் வனம். அந்த ஈரமணல் பகுதி நல்ல மரத்துக்கும் மோசமான சாலைக்கும் பேர்போனது என்று ஒயிட் குறித்திருக்கிறார். ஒரு காலைப்பொழுது நடையில் நான்கு விதமான மண்ணை மிதித்துவிடலாம். ஒவ்வொரு மண்ணிலும் மரமும் பயிரும் மாறும், காலணியில் ஒட்டுவதும் மாறும். வெள்ளை மாம் மண்ணில் ஹாப்ஸ் என்னும் கொடி நன்றாக வளர்ந்தது. பீருக்குக் கசப்பு ஏற்றும் அந்தப் பூங்கொத்தை உலர்த்திய கல்லடுப்புக் கட்டடங்கள் இன்றும் பாதையோரங்களில் நிற்கின்றன, பெரும்பாலும் வீடுகளாக மாற்றப்பட்டு.

நீரின் கதையும் மண்ணோடு சேர்ந்தது. சுண்ணாம்புப் பாறை மழையை உறிஞ்சிக் கீழே விடும். தெருவில் கிணறு தோண்டினால் சராசரி 63 அடி போக வேண்டியிருந்தது. ஊரின் ஒரு முனையில் ‘வெல்ஹெட்’ என்ற ஊற்று கோடையிலும் வற்றாமல் சுரக்கிறது. மறுமுனையில் உள்ளது அடிக்கடி காய்ந்துவிடும். அருகே உள்ள நோர் குன்று இரண்டு கடல்களுக்கு நீர் அனுப்புகிறது. தெற்கே இறங்குவது ஆரன் ஆற்றில் சேர்ந்து ஆங்கிலக் கால்வாய்க்குப் போகும். வடக்கே இறங்குவது செல்போர்ன் ஓடையாகி, வே ஆற்றில் கலந்து, தேம்ஸ் வழியாக வடகடலை அடையும். குன்றின்மேல் நிற்பவர் காலடியில் அந்த நீர்பிரிமேடு இருக்கிறது. பார்ப்பதற்குச் சாதாரணப் புல்மேடுதான்.

செல்போர்னின் மிகப் பழைய வழிகள் இரண்டும் தரைக்குக் கீழே கிடக்கின்றன. ஆல்டனுக்குப் போன வழி ஒன்று, உல்மர் வனத்துக்குப் போன வழி மற்றொன்று. மாம் கல் மென்மையானது. நூற்றாண்டுக் கணக்கில் வண்டிச் சக்கரமும் குளம்பும் மேலே அரைக்க, அரைத்த துகளை மழைநீர் அடித்துக்கொண்டு போக, வழி சிறுகச் சிறுகத் தாழ்ந்தது. ஒயிட்டின் காலத்திலேயே பல இடங்களில் வயல் மட்டத்திலிருந்து 16, 18 அடி ஆழத்தில் கிடந்தது. இருபுறமும் கல்சுவர் போன்ற கரை. அதில் மரவேர்கள் நரம்போடிப் பின்னிக் கிடக்கும். கசியும் ஈரத்தில் பெரணிகள் அடர்ந்திருக்கும். வெள்ளம் வந்தால் வழியே ஓடையாகும். உறைபனிக் காலத்தில் பாறை விளிம்புகளில் பனிக்கூம்புகள் தொங்கும். மேலே கரையோரம் நடப்பவர்கள் எட்டிப் பார்த்து மிரள்வார்கள், குதிரையில் கீழே போகிறவர்கள் நடுங்குவார்கள், ஆனால் தாவரம் தேடுகிறவருக்கு இவை கொண்டாட்டம் என்று ஒயிட் எழுதினார். இவற்றை யாரும் வெட்டவில்லை. திட்டமிட்டவர், கொத்தனார், செலவுக் கணக்கு எதுவும் இல்லாமல் போக்குவரத்தே செதுக்கிய வழிகள் இவை.

கல்லைப் பற்றி இன்னொன்று. இந்தப் பக்கத்து மதில்களை உற்றுப் பார்த்தால் கற்களுக்கு இடையிலுள்ள சுண்ணாம்புச் சாந்தில் கருஞ்சிவப்பான இரும்புக்கல் சில்லுகள் வரிசையாகப் பதிந்திருப்பது தெரியும். பெரிய ஆணித் தலை அளவில் உடைத்து, ஈரச் சாந்தில் அழுத்தி வைத்தவை. வெளியூர்க்காரர்கள் ‘உங்கள் சுவரை ஆணியடித்தா நிறுத்தியிருக்கிறீர்கள்?’ என்று கேலியாகக் கேட்பார்களாம்.

ஊரைச் சுற்றியுள்ள மற்றப் பாதைகளும் உல்லாசத்துக்காகப் பிறந்தவை அல்ல. கூலியாள் பண்ணைக்குப் போன வழி, தானியம் சுமந்து ஆலைக்குப் போன வழி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வந்த வழி, சந்தைக்குப் போன வழி, பிற்காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்குப் போன வழி. இடுகாட்டு உரிமை இல்லாத சிற்றூர்களிலிருந்து பிணத்தைத் தூக்கிக்கொண்டு தாய்த் தேவாலயத்துக்குப் போன வழிகளும் இங்கிலாந்தில் உண்டு. பாதைகள் இப்படிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடப்பதன் காரணம் அதுதான்: ஒவ்வொன்றும் ஒரு வேலையின் மிகக் குறுகிய தூரம். சைக்கிளும் பஸ்ஸும் காரும் வந்து, வயல்வேலைக்கு ஆள் தேவை குறைந்ததும் பாதைகள் தம் பழைய பிழைப்பை இழந்தன. ஓய்வுநாளில் உலாவ வந்தவர்கள், உழைத்தவர்கள் போட்ட தடத்தை வாரிசாகப் பெற்றார்கள்.

பெற்றது சும்மா வந்த சொத்து அல்ல. ஆங்கில வழக்குச் சட்டத்தின் பழைய கொள்கைப்படி, ஒருமுறை பொதுவழியானது என்றும் பொதுவழியே. பயன்படுத்தாமல் விட்டதால் உரிமை அழியாது. உரிமை பிறப்பதற்கு நீண்டகால வழக்கம் போதும். பலாத்காரம் இல்லாமல், ஒளிவுமறைவு இல்லாமல், அனுமதியும் வாங்காமல் மக்கள் தொடர்ந்து நடந்து வந்திருக்க வேண்டும். 1932ஆம் ஆண்டின் வழியுரிமைச் சட்டம் இதற்கு 20 ஆண்டு என்று காலவரை வைத்தது. இப்போது நடப்பிலுள்ள 1980 நெடுஞ்சாலைச் சட்டமும் அதையே சொல்கிறது: தடையில்லாமல் 20 ஆண்டு நடந்த பாதையை நிலக்காரர் பொதுவுக்கு விட்டுக்கொடுத்ததாகவே சட்டம் கருதிக்கொள்ளும். அப்படியில்லை என்று அவர் காட்ட விரும்பினால் அறிவிப்புப் பலகை வைக்கலாம், அல்லது கவுன்டி நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவித்து வைக்கலாம். சில நிலக்காரர்கள் ஆண்டுக்கு ஒருநாள் கதவைப் பூட்டி வைப்பது இதற்காகத்தான்.

தமிழ் வாசகருக்கு இந்த 20 ஆண்டுக் கணக்கு புதிதல்ல. 1882இல் இயற்றப்பட்டு, சென்னை மாகாணத்தில் முதலிலேயே நடைமுறைக்கு வந்த இந்திய வசதியுரிமைச் சட்டமும் 20 ஆண்டு இடையூறில்லாத அனுபோகத்தைத்தான் கேட்கிறது. நம் கிரயப் பத்திரங்களில் ‘மாமூல் வழிநடைப் பாத்தியம்’ என்று எழுதப்படுவதன் பின்னணியில் உள்ளது இதே ஆங்கிலச் சட்டச் சிந்தனை. ஆனால் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. வசதியுரிமை என்பது பொதுவாக ஒரு நிலத்துக்காரர் தம் நிலத்துக்குப் போய்வரப் பக்கத்து நிலத்தின்மேல் பெறுவது. இங்கிலாந்தின் பொதுவழியில் நடப்பவருக்கு அங்கே ஒரு சென்ட் நிலமும் இருக்க வேண்டியதில்லை. அந்த ஊரைச் சேர்ந்தவராகவோ அந்த நாட்டுக் குடிமகனாகவோகூட இருக்க வேண்டியதில்லை.

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இந்த உரிமை பெரிதாக அடிபட்டது. 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்களை நிறைவேற்றியது. ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், பொது அனுபோகத்திலிருந்து தனியார் வேலிக்குள் போயிற்று. மந்தைவெளிகளின் மேல் ஊரார் மாடு மேய்த்த உரிமையோடு அவற்றின் குறுக்கே ஓடிய தடங்களும் மறைந்தன. 1815இல் வந்த சட்டம் இன்னும் வசதியாகப் போயிற்று: இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் ‘தேவையற்றது’ என்று கருதினால் எந்தப் பாதையையும் மூடிவிடலாம். மாஜிஸ்திரேட்டுகள் பெரும்பாலும் உள்ளூர் நிலக்கிழார்கள். ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வதில் அவர்களுக்குச் சிரமம் இருந்திருக்காது. எதிர்ப்பும் உடனே கிளம்பியது. 1824இல் யார்க்கிலும் 1826இல் மான்செஸ்டரிலும் பழைய நடைவழிகளைக் காக்கும் சங்கங்கள் தோன்றின. 1865இல் மந்தைவெளிப் பாதுகாப்புச் சங்கம் வந்தது. இன்று அது திறந்தவெளிச் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது.

பாதையில் நடப்பது ஒன்று. பாதையில்லாத மலைவெளியில் விருப்பம்போல அலைவது வேறு. இரண்டாவதற்கான போராட்டத்தில் டெர்பிஷயரின் ஹேஃபீல்ட் கிராமம் பெயர் பெற்றது. க்ரௌஸ் பறவை வேட்டைக்காக அடைத்து வைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுக்கு 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை, சுமார் 400 பேர் அங்கிருந்து வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். முன்னே நின்றவர் பென்னி ராத்மன் என்ற 20 வயது மான்செஸ்டர் தொழிலாளி. வேட்டைக் காவலர்களோடு கைகலப்பு நடந்தது. ஐந்து பேருக்கு 2 மாதம் முதல் 6 மாதம் வரை சிறைத்தண்டனை கிடைத்தது. எழுபது ஆண்டு கழித்து, 2002 நினைவு விழாவில், அந்த நிலத்துக்கு உரிமையாளராயிருந்த டெவன்ஷயர் பிரபுவின் பேரன் தம் பாட்டனார் நடந்துகொண்ட விதத்துக்காகப் பலர் முன்னிலையில் வருத்தம் தெரிவித்தார்.

போருக்குப் பின் வந்த லேபர் அரசு 1949இல் தேசியப் பூங்காக்கள், கிராமப்புற அணுகல் சட்டத்தை நிறைவேற்றியது. பூங்காக்கள்தான் பேர் வாங்கின. கிராமத்து நடைக்கு அதைவிட முக்கியமானது அச்சட்டத்தின் மற்றொரு பகுதி. ஒவ்வொரு கவுன்டியும் தன் எல்லைக்குள் உள்ள வழிகளை எல்லாம் அளந்து ‘உறுதி வரைபடம்’ ஒன்று தயாரிக்க வேண்டும் என்றது. பாரிஷ் மன்றங்களின் உறுப்பினர்கள் தம் ஊர்ப் பாதைகளை நேரில் நடந்து பார்த்துக் குறிப்பு எழுதினார்கள். அந்த வரைபடத்தில் ஒரு கோடு ஏறிவிட்டால் அங்கே பொதுவழி உண்டு என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டாம். சில ஊர்களில் அக்கறையோடு செய்தார்கள், சில ஊர்களில் செய்யவில்லை. ஒரு பாரிஷ் எல்லையில் பாதை திடீரென்று நின்றுபோவதை இன்றும் வரைபடங்களில் காணலாம். 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேட்டுவெளி, புதர்நிலம், சுண்ணாம்புப் புல்மேடு, பதிவான மந்தைவெளி ஆகியவற்றில் பாதை விட்டு விலகி அலையவும் உரிமை தந்தது. இங்கிலாந்தின் பரப்பில் சுமார் 8 விழுக்காடு இதில் அடங்கும். ஸ்காட்லாந்தின் 2003 சட்டம் இதைவிடத் தாராளமானது, அது தனிக்கதை.

செல்போர்னுக்குத் திரும்பினால், அங்கே வேலைக்காக அல்லாமல் நடைக்காகவே வெட்டிய பாதை ஒன்று இருக்கிறது. 1753இல் கில்பர்ட் ஒயிட்டும் அவருடைய தம்பி ஜானும் ஹேங்கர் சரிவில் வளைந்து வளைந்து ஏறும் ‘ஸிக்ஸாக்’ பாதையை அமைத்தார்கள். ஏறுவதற்குச் செங்குத்தான இடம். மூச்சு வாங்காமல் போக அந்த வளைவுகள் உதவின. 1780இல் ‘பாஸ்டல்’ என்ற இன்னொரு பாதை சரிவின் குறுக்கே நீளமாக, மெதுவாக ஏறும்படி போடப்பட்டது. ஒயிட்டுக்கு அப்போது அறுபது வயது என்பதை நினைத்தால் அந்த மென்மையான ஏற்றத்தின் காரணம் புரியும். இரண்டும் இன்றும் நடப்பவர்களுக்குத் திறந்திருக்கின்றன. குன்றின் உச்சியில் உள்ள செல்போர்ன் மந்தைவெளி நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பின் வசம் உள்ளது. மரமும் புல்லும் கலந்த அந்தப் பரப்பில் இன்றும் மாடுகள் மேய்கின்றன. பீச் மரத்தைக் காட்டு மரங்களிலேயே அழகானது என்று ஒயிட் மதித்தார். வழவழத்த சாம்பல் நிறப் பட்டை, நிழல் கனத்த கோடை; அடியில் வேறெதுவும் அதிகம் முளைக்காது. ஏப்ரல் கடைசியில் இலை விரிவதற்கு முந்திய சில வாரங்களில்தான் காட்டுத்தரையில் நீலமணிப் பூக்கள் வெயிலைப் பிடித்து மலர்ந்துகொள்கின்றன.

ஒயிட்டின் நடைகள் இலக்கியத்தில் இடம்பெற்றதைவிட அறிவியலில் இடம்பெற்றதுதான் பெரிது. அவர் தூரதேசம் போனவர் அல்ல. ஒரே பாதையில் ஆண்டு முழுவதும், ஆண்டுக்கு ஆண்டு நடந்து, நாட்குறிப்பு எழுதினார். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் சிறிய பச்சைநிறப் பூச்சிக்குருவிகள் மூன்றை, அவற்றின் பாட்டு வேறுபடுவதைக் கொண்டு, தனித்தனி இனங்கள் என்று 1768இல் பிரித்துச் சொன்னார். அந்தக் காலத்தில் பறவையைச் சுட்டு வீழ்த்தி மேசைமேல் வைத்துத்தான் ஆராய்வார்கள். காதைக் கொண்டு இனம் பிரித்தது புதிய முறை. கதிரறுப்புக் காலத்தில் கோதுமைத் தாள்களின் மேல் பந்துபோலக் கூடு கட்டும் இத்தனூண்டு எலியை இங்கிலாந்தில் முதலில் விவரித்தவரும் அவரே. மண்புழு இல்லாவிட்டால் நிலம் இறுகிக் குளிர்ந்து பயிருக்கு உதவாமல் போகும் என்று 1777இல் ஒரு கடிதத்தில் எழுதினார். சார்லஸ் டார்வின் மண்புழு பற்றிய நூலை வெளியிட்டது 1881இல். சிறுவயதில் ஒயிட்டைப் படித்துத்தான் பறவைகளைக் கவனிக்கத் தொடங்கியதாக டார்வின் சொல்லியிருக்கிறார். தவறிய இடங்களும் உண்டு: குளிர்காலத்தில் தகைவிலான் குருவிகள் எங்கே போகின்றன என்ற கேள்வியில், அவற்றுள் சில ஊரிலேயே எங்கோ பதுங்கி உறங்குகின்றன என்ற எண்ணத்தை அவரால் கடைசிவரை முழுதாக விட முடியவில்லை.

தெருவின் மறுபக்கம், தேவாலயத்தைக் கடந்து கிழக்கே இறங்கும் நடை வேறு விதம். கல்லறைத் தோட்டத்தின் வாசல் வழியாகக் கீழே இறங்கி, ஓடையைச் சிறு பாலத்தில் தாண்டி, ‘ஷார்ட் லித்’, ‘லாங் லித்’ என்ற சரிவுக் காடுகளின் ஊடாகப் பாதை பள்ளத்தாக்கோடு போகிறது. முடிவில் ஒரு பண்ணை. அங்கேதான் 1233இல் வின்செஸ்டர் பிஷப் பீட்டர் டெ ரோஷ் நிறுவிய அகஸ்டினிய மடம் இருந்தது. துறவிகள் கடனிலும் ஒழுங்கின்மையிலும் மூழ்க, 1480களில் மடம் கலைக்கப்பட்டு, சொத்துகள் ஆக்ஸ்ஃபோர்டின் மாட்லின் கல்லூரிக்குப் போயின. தரைக்கு மேல் பார்க்க இப்போது ஏறக்குறைய ஒன்றுமில்லை. வரலாறு தேடி வருகிறவர்கள் ஏமாறக்கூடும். நடையின் இன்பம் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது, மடத்தில் இல்லை.

இந்த ஊரில் எதிரொலியும் உண்டு. ‘காலி’ என்ற பெயருள்ள சந்தில் இருந்த கல்கட்டு ஹாப்ஸ் உலர்த்தும் கட்டடத்தில் குரல் பட்டுத் திரும்புவதை ஒயிட் அளந்து பார்த்தார். 258 கெஜ தூரத்திலிருந்து லத்தீன் செய்யுளடி ஒன்றை வேகமாகச் சொன்னால் பத்து அசைகள் தெளிவாகத் திரும்பி வந்தன. சில ஆண்டுகள் கழித்து எதிரொலி நின்றுபோனது. விசாரித்தால், இடையிலிருந்த வயலில் ஹாப்ஸ் பயிரிட்டிருந்தார்கள். கொடிக்கால்களும் இலைகளும் குரலை விழுங்கிவிட்டன. அறுவடைக்குப் பின் கால்களைப் பிடுங்கியும் பயனில்லை; காற்றைத் தடுக்க நட்ட உயிர்வேலி உயர்ந்துவிட்டிருந்தது. ஒரு வயலில் பயிர் மாறினால் பக்கத்துப் பாதையில் கேட்பதும் மாறுகிறது என்று கவனிக்கிற இந்தக் கண்தான் ஒயிட்டின் நூலை நடைப் புத்தகங்களின் கூட்டத்திலிருந்து உயர்த்துகிறது.

தேவாலய முற்றத்தில் 23 அடிச் சுற்றளவு என்று அவர் அளந்த யூ மரம் 1990 ஜனவரிப் புயலில் சாய்ந்தது. தூக்கி நட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. அடிமரம் இன்னும் நிற்கிறது. ஒயிட்டின் கல்லறைக் கல்லில் பெயரின் முதலெழுத்துகளும் இறந்த தேதியும் மட்டுமே. அழகிய கிராமம் என்ற படத்துக்குள் அடங்காத ஒன்றும் இங்கே நடந்தது. 1830 நவம்பரில் பட்டினிக் கூலியால் கொதித்த விவசாயத் தொழிலாளர்கள் குருவின் வீட்டைச் சூழ்ந்து, அவர் வாங்கும் தசமபாக வரியைக் குறைக்கக் கேட்டார்கள். அதைக் குறைத்தால் பண்ணையார்கள் கூலியை உயர்த்த முடியும் என்பது அவர்கள் வாதம். பிறகு ஏழைகளை அடைத்து வைத்த வேலைவிடுதியை அடித்து நொறுக்கினார்கள். மறுநாள் கூட்டம் ஹெட்லி வரை நடந்துபோய் அங்கிருந்த விடுதியையும் தாக்கியது. பலர் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். இன்றைக்கு உலாவுகிறவர்கள் ரசிக்கும் பாதைகளில் அன்று நடந்தவர்கள் அவர்களே.

செல்போர்னிலிருந்து நடையை நீட்டிக்க விரும்புவோருக்கு ஆல்டன் முதல் பீட்டர்ஸ்ஃபீல்டுக்குத் தெற்கே உள்ள குவீன் எலிசபெத் பூங்கா வரை ‘ஹேங்கர்ஸ் வே’ என்ற 21 மைல் வழி இருக்கிறது. வடக்கே ஆல்டனுக்கு அருகில் ஜேன் ஆஸ்டின் 1809 முதல் 1817 வரை வாழ்ந்த சாட்டன். தெற்கே கவிஞர் எட்வர்ட் தாமஸ் முதல் உலகப்போருக்குப் போகுமுன் வாழ்ந்த ஸ்டீப். தமிழில் பலமுறை மொழிபெயர்க்கப்பட்ட ராபர்ட் ஃப்ராஸ்டின் இருபாதைக் கவிதைக்குத் தூண்டுதல் இந்தத் தாமஸ்தான். எந்தப் பாதையில் போகலாம் என்று நடையில் எப்போதும் தயங்கும் நண்பரைச் சீண்டவே ஃப்ராஸ்ட் அதை எழுதினார். அவர்கள் சேர்ந்து நடந்தது குளோஸ்டர்ஷயரில். 1822இல் குதிரையில் செல்போர்ன் பக்கம் வந்த எழுத்தாளர் வில்லியம் காபெட், ஹாக்லி ஹேங்கரின் வழுக்குச் சரிவில் இறங்கிய அனுபவத்தை எழுதியிருக்கிறார். களிமண் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

நடைமுறைக்கு வந்தால், தெருவோரத்தில் நிற்கும் கைகாட்டி மரம் பாதையின் தொடக்கத்தைச் சொல்லும். அதன்பின் கம்பங்களிலும் கதவுகளிலும் அம்புக்குறிகள்: மஞ்சள் என்றால் காலால் நடப்பவருக்கு மட்டும்; நீலம் என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. வேலிகளில் ஏறித் தாண்டும் மரப்படி இருக்கும்; அல்லது மனிதர் நுழையக்கூடிய, மாடு நுழைய முடியாத ஊசல் கதவு. ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடத்தில் பொதுவழிகள் பச்சைக் கோடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். வேலிகள்கூட அதில் தெரியும் என்பதால், வயலுக்குள் வேலியின் எந்தப் பக்கம் நடப்பது என்ற சந்தேகம் தீரும். வயலின் குறுக்கே போகும் பாதையை உழவர் உழலாம். ஆனால் 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குத் தடத்தைச் சமன்செய்து தர வேண்டும். வயலோரப் பாதையை உழவே கூடாது. பாதை போகும் வயலில் பத்து மாதத்துக்கு மேற்பட்ட பால்மாட்டு இனக் காளையை விடக்கூடாது என்று 1981 சட்டம் சொல்கிறது. உண்மையில் கவனிக்க வேண்டியது காளையைவிடக் கன்றோடு நிற்கும் பசுவைத்தான், அதுவும் நாயோடு போகும்போது. பசு துரத்தினால் நாயை அவிழ்த்துவிட்டுத் தள்ளிப் போய்விட வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கப்படும் பாடம்.

‘அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவர்’ என்ற பலகை இங்கிலாந்தில் அடிக்கடி கண்ணில் படும். பெரும்பாலும் அது வெற்றுமிரட்டல்; சும்மா நடந்து போவது அங்கே பொதுவாகக் குற்றமல்ல, நிலக்காரர் வேண்டுமானால் உரிமையியல் வழக்குப் போடலாம். பொதுவழியில் நடப்பவரை விரட்டும் நோக்கத்தோடு பொய்யான பலகை வைப்பதுதான் குற்றம்.

பாதைகளின் மேற்பரப்பைப் பராமரிப்பது கவுன்டி நிர்வாகத்தின் கடமை. படிகளும் கதவுகளும் நிலக்காரர் பொறுப்பு. செலவில் கால் பங்கை நிர்வாகத்திடம் கேட்டு வாங்கலாம். நிதி போதாத இடங்களில் தன்னார்வலர்கள் அரிவாளும் ரம்பமுமாக வந்து முட்செடி வெட்டுகிறார்கள். 2001இல் கால்நடைகளுக்குக் கோமாரி பரவியபோது நாடெங்கும் பாதைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. தங்கும் விடுதிகளும் பப்களும் தேநீர்க் கடைகளும் வெறிச்சோடின. நடப்பவர்கள் கிராமத்துக்கு எவ்வளவு பணம் கொண்டு வந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

வரைபடத்தில் ஏறாமல் போன பழைய பாதைகளின் பிரச்சினை இன்னும் தீரவில்லை. 1949க்கு முன்பே இருந்து, பதிவாகாமல் விடுபட்ட வழிகள் 2026 ஜனவரி 1க்குள் பதிவாகாவிட்டால் அழிந்துபோகும் என்று 2000 சட்டம் கெடு வைத்தது. நடப்பவர்களின் அமைப்பான ராம்ப்ளர்ஸ் சங்கத்தின் தன்னார்வலர்கள் 2020இல் பழைய வரைபடங்களை இன்றையவற்றோடு ஒப்பிட்டு, 49,000 மைலுக்கு மேல் இப்படி விடுபட்டிருக்கலாம் என்று கண்டார்கள். கெடு பிறகு 2031க்குத் தள்ளப்பட்டது. 2024 இறுதியில் அரசு அதை நீக்கிவிடப் போவதாகவே அறிவித்தது. பதிவு கேட்போர் வேலியடைப்பு ஆவணங்களையும் தசமபாக வரி வரைபடங்களையும் ரயில் பாதைத் திட்டங்களையும் புரட்டிச் சான்று தேடுகிறார்கள். ஏடுகள் இல்லாத இடத்தில் ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம் வேண்டும். அதற்கான படிவம் கேட்பவை சில எளிய கேள்விகள்: எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை நடந்தீர்கள், எதற்காக நடந்தீர்கள், வழியில் கதவு இருந்ததா, பூட்டியிருந்ததா, யாராவது எப்போதாவது திரும்பிப் போகச் சொன்னார்களா.